பயிர் சேதத்துக்கு அரசு அறிவிக்கும் நிவாரணம் உண்மையில் விவசாயி கைக்கு வந்து சேர்கிறதா?

வருகிறது. யார் கைக்கு வருகிறது என்பதில்தான் சிக்கல். நான் நாகை மாவட்டத்துக்காரன், அப்பா இன்னும் சம்பா நெல் போடுகிறார். எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன்.

2023 பிப்ரவரி முதல் வாரம். அறுப்புக்கு இன்னும் ஐந்தாறு நாள்தான் இருந்தது. பருவம் தவறிய மழை காவிரி டெல்டா முழுக்கக் கொட்டித் தீர்த்தது. மழை விட்ட காலையில் வயலுக்குப் போனால், பயிர் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கிறது. அப்பா தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கதிரை எடுத்தார். மணிகளின் நுனியில் வெள்ளையாக முளை. ஒன்றும் பேசாமல் அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 8,100. எங்கள் ஊர்க் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர், அப்படிப் பார்த்தால் ஒரு மாவுக்கு 2,700. உழவு, நடவு, உரம், களை என்று நாங்கள் போட்டிருந்தது ஏக்கருக்கு முப்பதாயிரத்தைத் தொட்டுவிட்டது. எல்லோரும் இதை இழப்பீடு என்கிறோம், ஆனால் அரசு ஏட்டில் இதன் பெயர் இடுபொருள் மானியம். அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் வாங்கக் கொடுக்கும் உதவி, போன விளைச்சலுக்கான விலை இல்லை. மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதியில் பாசனப் பயிருக்கு அப்போது ஹெக்டேருக்கு 17,000தான், அதுவும் 2 ஹெக்டேர் வரைக்கும்தான். மாநில அரசு அந்த முறை அதற்கு மேல் கொடுத்தது, அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

கணக்கெடுப்பு வரும்வரை காத்திருப்பதுதான் கொடுமை. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வந்து பார்க்க வேண்டும். அதற்குள் அறுத்துவிட்டால் சேதத்தைக் காட்ட வயலில் ஒன்றும் இருக்காது. அறுக்காமல் விட்டால் மிச்சமும் முளைத்துவிடும். அப்பா ஒரு மூலையில் அரை மாவை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மற்றதை அறுக்கச் சொன்னார். சாய்ந்த பயிர் என்பதால் அறுப்பு வண்டிக்கு நேரம் இரட்டிப்பு, வாடகையும் இரட்டிப்பு.

அப்புறம் பணம் வந்தது, எங்களுக்கு இல்லை. சொந்த நிலம் போக அப்பா இரண்டு ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறார், வாய்வார்த்தைக் குத்தகை. அந்த இரண்டு ஏக்கருக்கான தொகை பட்டாதாரர், அதாவது நிலத்தின் சொந்தக்காரர் கணக்கில் விழுந்தது. அவர் நல்ல மனிதர், பாதியைக் கொடுத்தார். ஆனால் அதைக் கேட்க அப்பா இரண்டு முறை அவர் வீட்டுவாசல்வரை போய், கேட்காமலே திரும்பி வந்தார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயத்தில் நிலக்காரர்கள் கையெழுத்துப் போடுவதில்லை.

நீங்களும் குத்தகைக்குச் செய்பவர் என்றால், மழை வருவதற்கு முன்பே அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமப் பதிவேட்டில், உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பயிர்க் காப்பீடும் தனியாகக் கட்டிவிடுங்கள். சம்பாவுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ஆனால் அதில் உங்கள் வயலைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள், பெரும்பாலும் கிராமத்தின் சராசரி மகசூலை வைத்துத்தான் கணக்கு. அதையும் தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

இப்போதெல்லாம் அப்பா விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, அடங்கலில் தன் பெயரை எழுதச் சொல்கிறார். பட்டாதாரர் சம்மதம் வேண்டும் என்கிறார்கள். இந்த வருடமும் கேட்டிருக்கிறோம்.