கோல்ட்ரேனின் ‘பாலட்ஸ்’: யார் கருத்தை நம்பி எந்தத் தட்டை வாங்குவது?

கேள்வி: ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘பாலட்ஸ்’ (மெதுவான மென்பாடல்கள்) ஆல்பத்தை எல்பி தட்டாக வாங்க ஆசைப்படுகிறேன். ஜாஸ் எனக்குப் புதிது. கேட்டவர்கள் எழுதிய கருத்துகளைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஒருவர் ‘இதைவிட அழகான டெனர் சாக்ஸபோன் கிடையாது’ என்கிறார். இன்னொருவர் ‘கம்பெனி சொன்னதற்காக அடக்கி வாசித்தது, நேரம் வீண்’ என்கிறார். மூன்றாமவர் ‘ஒலி மந்தம், ஒரே பொரிபொரிப்பு’ என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். இதற்கிடையே ஒரு விற்பனையாளர் ‘1963 ஒரிஜினல்’ என்று பெரிய விலை கேட்கிறார். என்னிடம் இருப்பது சூட்கேஸ் வடிவத்தில் வரும் சின்ன பிளேயர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ‘ஒரிஜினல்’ பேரத்தை நிறுத்திவையுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கருத்துகளின் குழப்பத்தைத் தீர்த்துவிட்டால் மற்றது தானாகத் தெளியும்.

நீங்கள் படித்த மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூவரும் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். முதலாமவர் வாசிப்பைப் பற்றி, இரண்டாமவர் தன் எதிர்பார்ப்பைப் பற்றி, மூன்றாமவர் தன் கையில் இருந்த ஒரு பிரதியைப் பற்றி. விற்பனைத் தளங்கள் எல்பி, குறுந்தகடு, இரட்டைத் தட்டுப் பதிப்பு, ஸ்ட்ரீமிங் என எல்லாவற்றின் கருத்துகளையும் ஒரே தலைப்பின் கீழ்க் கொட்டி, சராசரி எடுத்து, நான்கரை நட்சத்திரம் என்று காட்டுகின்றன. அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எந்தப் பதிப்பைக் கேட்டார் என்று எழுதாத ஒருவர் ஒலியைப் பற்றிச் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பதிப்பின் பெயரை நிரப்பினால்தான் கருத்து எழுத முடியும் என்று ஆக்குவது அந்தத் தளங்களுக்குப் பெரிய வேலையல்ல. செய்ய மாட்டார்கள், ஏனென்றால் குழப்பத்திலும் விற்பனை நடக்கிறது.

‘அடக்கி வாசித்தது’ என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு பின்னணி உண்டு. 1961 நவம்பரில் ‘டவுன்பீட்’ என்ற ஜாஸ் இதழில் விமர்சகர் ஜான் டைனன் கோல்ட்ரேனின் வாசிப்பை ‘ஜாஸுக்கு எதிரானது’ என்று தாக்கினார். அதே மாதம் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் கோல்ட்ரேன் வாசித்தவை அடுத்த ஆண்டு தட்டாக வந்தன. ஆவேசமான நீண்ட வாசிப்பு அது. அதைக் கேட்டுவிட்டு ‘பாலட்ஸ்’ பக்கம் வருபவருக்கு, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் மெட்டை ஒட்டியே முடிந்துவிடும் எட்டுப் பாடல்கள் சப்பென்று படும். தயாரிப்பாளர் பாப் தீல் விமர்சகர்களின் வாயை அடைக்கவே இப்படி ஒரு தட்டு போடச் சொன்னார் என்பது பரவலான பேச்சு. கோல்ட்ரேனே 1966 பேட்டியில் வேறொரு காரணம் சொன்னார்: மவுத்பீஸை (சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் பகுதியை) மாற்றியமைக்கப் போய் அது கெட்டுவிட்டது, வேக வாசிப்புக்கு ஒத்துழைக்கவில்லை என்று. இந்த இரண்டு காரணங்களையும் கேட்காமல் விட்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடையாது.

தட்டில் உண்மையில் இருப்பது இது. நியூ ஜெர்சியின் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. மெக்காய் டைனர் பியானோ, ஜிம்மி கேரிசன் பேஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். ‘இட்ஸ் ஈஸி டு ரிமெம்பர்’ மட்டும் 1961 டிசம்பர் 21-இல் பதிவானது, அதில் பேஸ் ரெஜி வொர்க்மன். மற்றவை 1962 செப்டம்பர் 18, நவம்பர் 13 ஆகிய நாள்களில். மொத்தமே முப்பத்திரண்டு நிமிடம் சொச்சம். ‘காசுக்கு இவ்வளவுதானா’ என்று அலுத்துக்கொள்ளும் கருத்துகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து முதல் பதினேழரை நிமிடம் என்பது எல்பிக்கு வரம். ஊசி ஓடும் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டியதில்லை, ஒலியளவைக் குறைக்கத் தேவையில்லை, தட்டின் உட்பகுதிவரை போய்க் கடைசிப் பாடலைச் சிதைக்கவும் தேவையில்லை.

எட்டுமே அமெரிக்கர்கள் பாட்டாகவே அறிந்தவை. ‘நான்ஸி’யும் ‘ஆல் ஆர் நத்திங் அட் ஆல்’ பாடலும் ஃபிராங்க் சினாட்ரா குரலில் புகழ்பெற்றவை. மெட்டு மனதில் இருந்தால்தான் கோல்ட்ரேன் எந்த இடத்தில் ஒரு சுரத்தைத் தள்ளிப்போடுகிறார், எங்கே நீட்டுகிறார் என்பது காதில் விழும். ஆகவே ஒவ்வொரு பாடலையும் யாராவது பாடி ஒருமுறை கேட்டுவிட்டுத் தட்டுக்கு வாருங்கள். ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது’ என்று எழுதுபவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு படியைச் செய்யாமல் வந்தவர்கள். அதிலும் ‘ஆல் ஆர் நத்திங்’ மெதுவான பாடலே அல்ல. எல்வின் ஜோன்ஸ் அடியில் ஓட்டும் தாளத்தைக் கவனித்தால் ‘அடக்கமான தட்டு’ என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இனி ஒலி. ‘பொரிபொரிப்பு’ என்று எழுதியவர் எதைக் கேட்டார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கு உங்களுக்கும் அதே சந்தேகம் வரும். பாடல் முழுக்க ஒரே சீராக ‘ஸ்ஸ்’ என்று கேட்பது பெரும்பாலும் ஒலிநாடாவின் இரைச்சல். அது மூலத்திலேயே இருக்கிறது, எந்தப் பிரதியிலும் போகாது. தாறுமாறாக ‘டிக்’, ‘டொக்’ என்று வருவது தூசியும் கீறலும். கழுவினால் தூசி போகும், கீறல் போகாது. மூன்றாவதுதான் விஷமம்: மெல்லிய இடமெல்லாம் சுத்தமாக இருக்கும், சாக்ஸபோன் மேலே ஏறி அழுத்தி ஊதும்போது மட்டும் சுரத்தின் ஓரம் கரகரக்கும். ஊசியைச் சுத்தம் செய்து சரியாகப் பொருத்திய பிறகும் அதே இடத்தில் அப்படியே வந்தால், முந்தைய சொந்தக்காரர் கனமான ஊசியில் ஓட்டி வரிப்பள்ளத்தின் சுவரைத் தேய்த்துவிட்டார் என்று பொருள். விளக்கொளியில் பார்த்தால் தட்டு பளபளவென்று இருக்கும். எந்தக் கழுவும் இயந்திரமும் இதைச் சரிசெய்யாது.

விற்பனையாளர் பெரும்பாலும் தட்டைக் கண்ணால் பார்த்துத்தான் தரம் போடுகிறார், ஊசி வைத்துக் கேட்பதில்லை. ‘விஜி பிளஸ்’ (‘வெரி குட் பிளஸ்’ என்ற தரக் குறியீடு) என்ற சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எத்தனை பேர் ஏமாறுகிறார்கள்! அந்த அளவுகோலில் வெறும் ‘விஜி’ என்றாலே மெல்லிய இடங்களில் இரைச்சல் தெளிவாகக் கேட்கும் என்றுதான் கணக்கு. ஆரவாரமான பெரிய குழு வாசிக்கும் தட்டில் அது மறைந்துபோகும். பிரஷ்ஷால் தடவும் டிரம்ஸும் ஒற்றை பேஸுமாக மெல்ல ஓடும் இந்தத் தட்டில் ஒவ்வொரு ‘டிக்’கும் தனியாகத் தெரியும். எனவே பழைய பிரதி எதுவானாலும் ‘முழுக்க ஓட்டிக் கேட்டீர்களா, அழுத்தி ஊதும் இடங்களில் கரகரப்பு உண்டா, ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா’ என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விலகிவிடுங்கள்.

‘1963 ஒரிஜினல்’ என்பதற்கு வருவோம். இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் பதிப்பில் மோனோவுக்கு ஏ-32, ஸ்டீரியோவுக்கு ஏஎஸ்-32 என்று எண். ஆரஞ்சு நிற லேபிள், சுற்றிலும் கறுப்பு வளையம், புத்தகம்போல் விரியும் உறை. இடைத்தரகர்கள் ஆரஞ்சு லேபிளைக் காட்டியே விலையை ஏற்றுவார்கள். ஆரஞ்சு லேபிள் 1963-க்குப் பிறகும் சில ஆண்டுகள் ஓடியது. லேபிளின் அடியில் இம்பல்ஸின் தாய் நிறுவனப் பெயர் ஏபிசி-பாரமவுண்ட் என்றில்லாமல் ஏபிசி ரெக்கார்ட்ஸ் என்றிருந்தால் அது 1966-க்கு முந்தியது அல்ல, தாய் நிறுவனத்தின் பெயர் அப்போதுதான் மாறியது. அடுத்த வாதம், ‘வான் கெல்டர் முத்திரை இருக்கிறது’ என்பது. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வழவழப்பாக ஒரு வளையம் வருமே, அங்கே அந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அது அச்சுக்கான மூலத் தட்டை வெட்டியவர் யார் என்பதற்குச் சான்று, எப்போது அச்சானது என்பதற்கு அல்ல. அவர் வெட்டியதிலிருந்து பிற்பாடும் தட்டுகள் அடிக்கப்பட்டன, அறுபதுகளின் கடைசியில் வந்த கறுப்பு-சிவப்பு லேபிள் பிரதிகளிலும் அந்த முத்திரை சகஜம். ஒலிக்காக வாங்குபவருக்கு அந்தப் பின்னாள் பிரதியே நல்ல பேரம். முதல் பதிப்பு விலைக்கு அதைத் தலையில் கட்டப் பார்ப்பதுதான் தவறு. லேபிள் இரண்டு பக்கமும், அந்த வளையமும் தெளிவாகத் தெரியும் படம் கேளுங்கள். படம் தர மறுப்பவரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை.

உங்கள் பிளேயரில் எந்தப் பழைய தட்டையும் ஓட்டவே கூடாது. சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சைகையாக்கும் பகுதி) இருக்கும். ஊசி ஐந்து கிராம் அளவுக்குத் தட்டை அழுத்தும். சாதாரணக் காந்தக் கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராம் சுற்றுவட்டத்தில் வேலையை முடித்துவிடும். பெரிய விலை கொடுத்து வாங்கிய ஒன்றை நீங்களே தேய்ப்பீர்கள், அதற்குரிய ஒலியும் கிடைக்காது. ஒதுக்கிய பணத்தில், ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்யும் வசதியுள்ள டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) கொண்ட ஒரு டர்ன்டேபிளை முதலில் வாங்குங்கள். அதுவரை குறுந்தகட்டிலோ ஸ்ட்ரீமிங்கிலோ கேளுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை.

டர்ன்டேபிள் வந்தபின் வாங்க வேண்டியது புதிய மறுபதிப்பு. அகூஸ்டிக் சவுண்ட்ஸ் வரிசையில் 2020-இல் வந்த பதிப்பு மூல அனலாக் நாடாவிலிருந்து ரயன் ஸ்மித் மாஸ்டரிங் (தட்டாக்கும் முன் ஒலியைச் சீர்செய்யும் இறுதி வேலை) செய்தது, விரியும் உறையோடு கிடைக்கும். விலை குறைவாக வேறொன்று கண்ணில் பட்டால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்த மூலத்திலிருந்து, யார் மாஸ்டரிங் செய்தார் என்ற இரண்டு தகவலும் இல்லாவிட்டால் குறுந்தகட்டிலிருந்து எடுத்து வினைலில் அடித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘180 கிராம்’ என்று பொன்னிற ஸ்டிக்கர் மின்னும். எடை ஒலியைத் தராது. மூலத்தை உறையில் அச்சிட வேண்டும் என்று எந்த விதியும் இவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு சோப்புக்கட்டியின் உறையில் இருக்கும் தகவல்கூட இந்தத் தட்டுகளில் கிடையாது.

புதிய தட்டு வந்ததும் ஒரு சோதனை கட்டாயம். முதல் பாடலை ஓடவிட்டு டோன் ஆர்மின் நுனியைப் பக்கவாட்டில் கவனியுங்கள். மெல்ல உள்ளே நகர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் வலமாக ஆடினால் நடுத்துளை விலகியிருக்கிறது. அரை மில்லிமீட்டர் விலகினாலே போதும், 1.8 விநாடிக்கு ஒருமுறை சுருதி ஏறி இறங்கும். உள்பக்கப் பாடல்களில் இன்னும் கூடும். கோல்ட்ரேன் இங்கே அசைவு அதிகமில்லாமல் நேராக நீட்டிப் பிடிக்கும் சுரங்களிலும், டைனர் அடித்துவிட்டு ஒலிக்கவிடும் பியானோவிலும் அது உடனே தெரியும். வேகமான தட்டில் கவனிக்காமல் விட்டுவிடலாம், இதில் முடியாது. இது தயாரிப்புக் குறை, தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். ‘வினைல் என்றால் அப்படித்தான்’ என்று பதில் வந்தால் ஆர்ம் ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

எட்டுப் பாடல் உள்ள எளிய பதிப்பே போதும், கூடுதல் பாடல் சேர்த்தவை வேண்டாம் என்பது பொது விதி. இதற்கு ஒரு விலக்கு உண்டு. நீங்களோ வீட்டில் யாரோ ஒரு வாத்தியம் கற்பவராக இருந்தால், 2002-இல் வந்த இரட்டைக் குறுந்தகட்டு டீலக்ஸ் பதிப்பைத் தேடி எடுங்கள். உறைக் குறிப்பு எழுதிய ஜீன் லீஸ், குழுவினர் கடையில் வாங்கிய நோட்டேஷன் தாளோடு வந்து, அரைமணி நேரம் பேசி ஒத்திகை பார்த்து, ‘ஆல் ஆர் நத்திங்’ தவிர எல்லாவற்றையும் ஒரே டேக்கில் (ஒரே முறை வாசித்துப் பதிவதில்) முடித்தார்கள் என்று எழுதினார். கேட்டவர்கள் எழுதும் கருத்துகளில் பல இந்த ஒரே டேக் கதையை வியந்து எழுதியவை. ஆனால் டீலக்ஸ் பதிப்பின் இரண்டாவது தட்டில் ‘இட்ஸ் ஈஸி டு ரிமெம்பர்’ அடுத்தடுத்துப் பல டேக்குகளாக இருக்கிறது. மூன்று நிமிடம்கூட நிறையாத ஒரு பாடலுக்கு அவ்வளவு முயற்சி! மாணவர் முதலில் வெளியான டேக்கை மனப்பாடமாகும்வரை கேட்கட்டும். பிறகு வரிசையாக மற்ற டேக்குகளில் தொடக்கச் சுரங்களை மட்டும் ஒப்பிடட்டும்: மூச்சை எங்கே எடுக்கிறார், மெட்டின் கடைசிச் சுரத்தை எவ்வளவு நேரம் பிடிக்கிறார், எந்த டேக்கில் அலங்காரம் குறைகிறது என்று. ஒரு உட்காரலுக்கு இரண்டு டேக் போதும். வாசிக்காதவர் இதைத் தொடர்ந்து கேட்டால் அலுப்புத்தான் வரும், அந்தப் பதிப்பைக் குறைசொல்லும் கருத்துகளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். உங்களுக்கு அது தேவையில்லை என்றால் அந்தக் கருத்துகளும் தேவையில்லை.

இந்தத் தட்டு பிடித்துப்போனால் அடுத்து, 1963 மார்ச் 7-இல் அதே ஸ்டுடியோவில் பாடகர் ஜானி ஹார்ட்மனோடு கோல்ட்ரேன் பதிவுசெய்தது. அவருடைய சொந்த மெட்டுகளில் அதே நிதானம் வேண்டுமென்றால் 1964-இன் ‘கிரெசன்ட்’. அதற்கும் மூலம் எது, மாஸ்டரிங் யார் என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.