நோட்டீஸ் போர்டைத் தாண்டிப் போகாதீர்கள்

கேள்வி: வரலாற்றுத் துறையில் முழுநேர பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களின் வரலாறுதான் என் ஆய்வு. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை நான்கு மாதமாக வரவில்லை. மெஸ் பில்லுக்குத் தோழியிடம் கடன் வாங்கியிருக்கிறேன். கைடு என் அத்தியாயத்தை வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. கேட்டால் "அப்புறம் வாம்மா" என்கிறார். துறையில் கருத்தரங்கு, பயிலரங்கு என்று நோட்டீஸ் ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நேரம் வீணாகும் என்று எதற்கும் போவதில்லை. அறைத் தோழி வளாகத்து மனநல கௌன்சலரைப் பார் என்கிறாள். போனால் கைடு காதுக்குப் போய்விடுமா? படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. — பெயர் வேண்டாம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கையில் காசும் கண்ணில் தூக்கமும் இல்லாத மாதத்தில் படிப்பை விடுவது பற்றி முடிவெடுக்காதீர்கள். விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் வந்து, பத்து நாள் நன்றாகத் தூங்கிய பிறகும் அதே எண்ணம் இருந்தால் அப்போது உட்கார்ந்து யோசிக்கலாம்.

அந்தத் தூக்கத்துக்காகத்தான் கௌன்சலரைப் பார்க்கச் சொல்கிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, சிகிச்சைக்குப் போகிறவர் சொன்னதை ரகசியமாகக் காப்பது மருத்துவரின், மனநல வல்லுநரின் கடமை. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆனால் சில வளாகங்களில் ஒரு பேராசிரியரையே கூடுதல் பொறுப்பாக அந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். அதனால் முதல் சந்திப்பிலேயே "நான் சொல்வது துறைக்குப் போகுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராமல் மொட்டை மாடியில் நடப்பதற்குப் பதில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

பண விஷயத்தில் கூச்சம் வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். அது உங்கள் உழைப்புக்கு வர வேண்டிய பணம். நீங்கள் ஆய்வில் இருக்கிறீர்கள் என்பதைப் பல்கலைக்கழகம் மாதாமாதம் இணையதளத்தில் உறுதிசெய்து அனுப்ப வேண்டும். பதிவேற்றுகிறவரை 'மேக்கர்' என்றும், சரிபார்த்து ஒப்புதல் தருகிறவரை 'செக்கர்' என்றும் சொல்வார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த இரண்டு பேர் யார் என்று விசாரித்து நேரில் போங்கள். "என் பணம் எப்போது வரும்?" என்று கேட்டால் "டெல்லியிலிருந்து வரணும்" என்ற பதில்தான் கிடைக்கும். "எந்த மாதம் வரைக்கும் உறுதிசெய்து அனுப்பியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இங்கே நிற்கிறதா, டெல்லியில் நிற்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இங்கேதான் நிற்கிறது என்றால் மாணவர் குறைதீர் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். உதவித்தொகை தாமதமாவதும் குறைதான் என்று யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைகளே சொல்கின்றன. குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதிலும் தீரவில்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மனு கொடுத்தால் கெட்ட பெயர் வரும் என்று பயப்படுவீர்கள். தனியாகப் போக வேண்டாம். நான்கு மாதம் பணம் வராத ஸ்காலர் நீங்கள் ஒருவராக மட்டும் இருக்க வாய்ப்பில்லை. சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

கைடு விஷயத்தில், டி.சி. மீட்டிங்கை, அதாவது ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் அந்தக் குழுவின் முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2022 விதி. அதைச் சடங்காக நினைக்காதீர்கள். இன்ன தேதியில் அத்தியாயம் கொடுத்தேன், கருத்துக்குக் காத்திருக்கிறேன் என்று பணிவாக ஒரு வரி அறிக்கையில் இருந்தால் போதும்.

இனி நோட்டீஸ் போர்டு. எல்லாவற்றுக்கும் போகச் சொல்ல மாட்டேன். பணம் கட்டினால் சான்றிதழ், மத்தியானம் சாப்பாடு என்று நடக்கிற கருத்தரங்குகளை விட்டுவிடுங்கள். ஆவணங்களைப் படிப்பது எப்படி என்று சொல்லித்தருகிற பயிலரங்கு, மூன்றே நிமிடத்தில் ஆய்வைச் சொல்கிற போட்டி, இதற்கெல்லாம் போகலாம். எதை விட்டாலும் வைவா நோட்டீஸை மட்டும் விடாதீர்கள். பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு எல்லா ஆசிரியர்களுக்கும் ஸ்காலர்களுக்கும் திறந்த அரங்கம். வேறு துறையென்றாலும் போய் உட்காரலாம்.

நானும் மூன்றாம் ஆண்டில் உங்களைப் போலத்தான் முடங்கிக் கிடந்தேன். தஞ்சாவூர்ப் பக்கக் கோயில் நிலங்கள் பற்றிய ஆய்வு, ஒரு அத்தியாயத்துக்கு மேல் நகரவில்லை. ஒருநாள் மழைக்கு ஒதுங்கின மாதிரி பொருளாதாரத் துறை வைவா ஒன்றில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் ஓ.எச்.பி. எனும் ஓவர்ஹெட் புரொஜெக்டர்தான். ஆய்வேட்டை விளக்க வந்த பெண் விளக்கின் மேல் தாளை வைக்கும்போது விரல் நடுங்கியது, திரையில் அந்த நிழல் ஒரு முழ நீளத்துக்கு நடுங்கியது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அந்தப் பதிவேடுகளை நான் பார்க்கவில்லை, சார். பார்த்திருக்க வேண்டும்" என்றாள். எனக்குத் திக்கென்றது. அவரோ தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். பார்க்கவில்லை என்று சொல்லியும் பட்டம் வாங்கலாம் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எல்லாம் தெரிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று நான் இறுக்கிப் பிடித்திருந்த பிடி அங்கேயே தளர்ந்தது.

முடிந்ததும் ஸ்வீட், மிக்சர், காபி கொடுத்தார்கள். பக்கத்தில் காபி டம்ளரோடு நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "நீ என்னம்மா பண்றே?" என்று கேட்டார். சொன்னேன். "கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமுக்குப் போனியா?" என்றார். போகவில்லை. அடுத்த வாரம் போனேன். என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த அறையின் தூசியிலிருந்து வந்ததுதான். என் கைடு நல்லவர், ஆனால் அந்த அறை அவருக்குத் தெரியாது.

உங்கள் கண்மாய்களைப் பற்றி புவியியலில் ஒருவருக்கு, சிவில் இன்ஜினியரிங்கில் ஒருவருக்கு, நூலகத்தில் ஒருவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஏற்கெனவே போய்வந்த சீனியர் ஒருவர் உங்கள் ஹாஸ்டலிலேயே இருக்கக்கூடும்.

நாளைக்கு மேக்கர் மேசைக்குப் போய்விட்டு வரும் வழியில் நோட்டீஸ் போர்டு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். எந்தத் துறையில் வைவா இருந்தாலும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்வியெல்லாம் கேட்க வேண்டாம், கடைசி பெஞ்ச் போதும். காபி கொடுக்கும்வரை மட்டும் கிளம்பிவிடாதீர்கள். யார் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.