நெஞ்சை அமுக்கும்போது: கேள்வி – பதில்

கேள்வி: மயங்கி விழுந்தவர் அவ்வப்போது வாயைத் திறந்து மூச்சை இழுத்தால், நெஞ்சை அமுக்கும் முதலுதவியை (சி.பி.ஆர்.) செய்யலாமா?

பதில்: அமுக்கியே ஆக வேண்டும். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் மூளைத்தண்டு கிளப்பும் வெற்று இழுப்பு அது. ‘மூச்சு வருதே’ என்று காத்திருந்துதான் பலரும் நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு உடனே தொடங்குங்கள். நாடி தேட வேண்டாம். பழகாத விரலுக்குத் தன் துடிப்பே அவருடையதாகத் தெரியும். அமுக்கும்போது விலா எலும்பு முறிந்தாலும் ஆறிவிடும்.

கேள்வி: ‘இடையில் கையை எடுக்காதே’ என்று பயிற்சியில் அவ்வளவு வலியுறுத்துவது ஏன்?

பதில்: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொரோனரி நாளங்களில் அழுத்தம் ஒரே அமுக்கில் வந்துவிடாது. விடாமல் பல முறை அமுக்கினால்தான் படிப்படியாக ஏறும். கையை எடுத்த சில நொடிகளில் சரிந்துவிடும். பிறகு ஆரம்பத்திலிருந்து ஏற்ற வேண்டும். அதனால்தான் எந்த இடைவெளியும் 10 நொடியைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுத்த கையோடு நாடி பார்க்காமல் அமுக்கத் தொடங்குவதும் இதற்காகவே.

பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை மடங்காமல், தோள் கைக்கு நேர் மேலே. மெத்தையில் கிடந்தால் ஆழத்தில் ஒரு பகுதி மெத்தைக்கே போகும். களைத்ததும் முதலில் குறைவது ஆழம்தான், அமுக்குபவருக்கே அது தெரியாது. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். கண்ணுக்குத் தப்பும் இன்னொரு தவறு, மேலெழும்போதும் நெஞ்சின்மேல் சாய்ந்தே இருப்பது. நெஞ்சு முழுசாக எழும்பாவிட்டால் சிரை ரத்தம் இதயத்துக்குச் சரியாகத் திரும்பாது. வாய் வழியே செயற்கைச் சுவாசக் குழாய் போட்டபின், மூச்சுக் கொடுக்கும் பையை வேகவேகமாகப் பிதுக்கினாலும் இதே கேடு வரும். நிமிடத்துக்கு 10 மூச்சு தாராளம்.

கேள்வி: இதயம் நின்றவருக்குப் போடும் அட்ரினலின் ஊசியால் பயனில்லை என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. பிரிட்டனில் சுமார் 8,000 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ‘பாராமெடிக்-2’ ஆய்வில், 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் பெற்றவர்களில் 3.2%, மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் 2.4%. சிக்கல் அடுத்த கணக்கில் இருக்கிறது. பிழைத்து வீடு திரும்பியவர்களில் கடும் மூளைப் பாதிப்பு உள்ளவர்கள் முதல் பிரிவில் 31%, இரண்டாவதில் 17.8%. ரத்தக் குழாய்களைச் சுருக்கி இதயத்துக்கு அழுத்தம் கூட்டும் மருந்து, மூளையின் நுண்குழாய்களையும் சுருக்குகிறது என்பது ஒரு விளக்கம். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மி.கி. என்ற வழிமுறை இன்றும் தொடர்கிறது.

கேள்வி: அமுக்கும் இயந்திரம் மனிதக் கையைவிட மேலா?

பதில்: இயந்திரத்தையும் கையையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான ‘லிங்க்’ ஆய்வில், 4 மணி நேரம் கழித்துப் பிழைத்திருந்தோர் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நின்றபடி அமுக்க முடியாத ஓடும் ஆம்புலன்ஸில் அதற்கு வேலை உண்டு. பொருத்துகிறேன் என்று அரை நிமிடம் அமுக்காமல் நின்றால் நஷ்டம்தான்.