இலை வட்டம் கோணிப்போகாமல் இருக்க

குழந்தைகளோடு சேர்ந்து, உதிர்ந்த இலைகளைத் தரையில் வளையம் வளையமாக அடுக்கிச் செய்யும் வட்டம் ஏன் கோணிப்போகிறது என்று கேட்டிருந்தீர்கள். வெளி விளிம்பிலிருந்து தொடங்காதீர்கள். நடுவில் ஒரு குச்சியை நட்டு, அதில் கயிறு மாட்டி, உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு வளையமாக அடுக்கிக்கொண்டு வாருங்கள். அடுக்கியதை மிதிக்காமல் பின்வாங்கவும் இதுதான் வசதி.

இருபது பேர் சேர்ந்து அடுக்கியும் வட்டம் முட்டை வடிவமாகி, முனைகள் சேரவில்லை என்றீர்கள். ஆளுக்கொரு பக்கத்தில் கண்ணளவில் அடுக்கியதுதான் பெரும்பாலும் காரணம்.

கலைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை எல்லாத் திசைக்கும் கயிற்றால் அளந்து பாருங்கள். எல்லா அளவும் ஒன்றாக இருந்தால் வட்டம் சரிதான்; பக்கவாட்டில் நின்று பார்த்தால் எந்த வட்டமும் நீள்வட்டமாகத்தான் தெரியும். புகைப்படத்தை நம்ப வேண்டாம்.

கயிற்றைக் குச்சியில் இறுக்கிக் கட்டாமல், சுழலும்படி தளர்வான வளையமாக மாட்டுங்கள். இறுக்கினால் சுற்றச் சுற்றக் கயிறு குறுகி, தொடங்கிய இடத்துக்கு முனை வந்து சேராது.

வேலையைப் பிரிப்பதும் எளிது. நடுவிலிருந்து விளிம்பு வரையுள்ள அதே கயிற்று நீளத்தை, வளைக்காமல் நேராக இழுத்துப் பிடித்து, விளிம்பில் புள்ளிக்குப் புள்ளி வைத்து அளந்தால் சரியாக ஆறு முறை வரும். ஆறு குழுக்களுக்கு ஆறு சம பங்கு. இந்தக் கணக்கு தரையில் கண்முன்னே பொருந்தும்போது குழந்தைகள் முகத்தைப் பாருங்கள், அவ்வளவு மகிழ்ச்சி!

இரண்டில் மட்டும் கவனம் தேவை: காய்ந்த இலை லேசான காற்றுக்கே பறந்துவிடும், நீர் தெளித்து அடுக்குங்கள். ஓடைக்கல்லைப் பெயர்க்காதீர்கள், அதனடியில் சிற்றுயிர்கள் வாழ்கின்றன. உதிர்ந்த இலையே போதும்.