ஹெட்நோட்டுக்குக் கீழே – கடிதம்

அன்புள்ள ஐயா,

சட்டம் முடித்து இரண்டு வருடமாக ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். எல்எல்எம் (சட்டத்தில் முதுகலை) சேர்ந்து, அப்படியே பிஎச்டியும் செய்ய ஆசை. ஓராண்டு எல்எல்எம் நல்லதா, இரண்டாண்டா? எந்தத் துறையை எடுத்தால் எதிர்காலம் உண்டு? டாக்ட்ரினல் ஆய்வுக்கு இப்போது மதிப்பில்லை என்கிறார்களே, உண்மையா? இப்போதே தயாராகி வருகிறேன். முக்கியமான இருநூறு தீர்ப்புகளின் ஹெட்நோட்டுகளை, அதாவது தீர்ப்புக்கு மேலே அச்சாகும் சுருக்கங்களை, தொகுத்துப் படித்து முடித்துவிட்டேன்.

கா.

அன்புள்ள கா.,

முதலில் சில்லறைக் கேள்விகள். வழக்காட எல்எல்எம் தேவையில்லை. கற்பிக்கப் பல நாடுகளில் கேட்பார்கள். ஓராண்டுப் படிப்பில் ஆய்வேட்டுக்கு மிஞ்சுவது சில மாதங்கள்தான். பிஎச்டி போகிறவருக்கு அது பத்தாது. எந்தத் துறைக்கு எதிர்காலம் என்று ஜோசியரைக் கேளுங்கள். நீங்கள் பட்டம் வாங்கி வெளியே வருவதற்குள் இன்று சூடாக இருப்பது ஆறிப்போயிருக்கும். சட்டத்தையும் தீர்ப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்து செய்யும் டாக்ட்ரினல் ஆய்வு மட்டம், கேள்வித்தாளோடு நாலு பேரைப் பார்க்கப் போனால் உசத்தி என்பதெல்லாம் வெட்டிப் பேச்சு. சரி, விடுங்கள்.

கடைசியில் பெருமையாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இருநூறு ஹெட்நோட் படித்துவிட்டு இருநூறு தீர்ப்பு படித்த கணக்கில் வைத்திருக்கிறீர்கள். ஹெட்நோட்டை நீதிபதி எழுதுவதில்லை ஐயா. பெரும்பாலும் தீர்ப்புகளைத் திரட்டி அச்சிடும் தொகுப்பாளர் எழுதுவது. அவருக்கும் அவசரம் உண்டு, சாய்வு உண்டு.

1886இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சாண்டா கிளாரா வழக்கு தெரியுமா? சதர்ன் பசிபிக் ரயில்வே மீது விதித்த வரி பற்றியது. எந்த நபருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம் சொல்லும் 'நபர்' என்பதில் ஒரு நிறுவனமும் அடங்குமா என்ற பெரிய கேள்வியை வக்கீல்கள் கிளப்பியிருந்தார்கள். தீர்ப்பு அந்தப் பக்கமே போகவில்லை. தண்டவாளத்தை ஒட்டிய வேலிகளையும் சேர்த்து மதிப்பிட்டது தப்பு, ஆகவே வரி செல்லாது என்று முடித்துவிட்டது. வேலி, அவ்வளவுதான். ஆனால் வாதம் தொடங்குவதற்கு முன்னால் தலைமை நீதிபதி வெயிட், நிறுவனத்துக்கும் அந்தத் திருத்தம் பொருந்தும், அதைப் பற்றி வாதம் கேட்க வேண்டியதில்லை என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். தொகுப்பாளர் பான்கிராஃப்ட் டேவிஸ் அதைச் சேர்க்கலாமா என்று வெயிட்டுக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். தீர்ப்பில் அந்தக் கேள்வியை நாங்கள் தவிர்த்துவிட்டோம், சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்று பதில் வந்தது. டேவிஸ் ஹெட்நோட்டின் முதல் வரியாகவே போட்டுவிட்டார். (அவரே ஒருகாலத்தில் ரயில் கம்பெனித் தலைவராக இருந்தவர்.) மூன்றே வருடத்தில், 1889இல், அதே நீதிமன்றம் அந்த வழக்கை மேற்கோள் காட்டி நிறுவனம் 'நபர்'தான் என்றது. அப்புறம் வரிசையாக எத்தனையோ வழக்குகள். ஹெட்நோட் நீதிமன்றத்தின் படைப்பு அல்ல என்று 1906இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது.

இப்போது சுருக்கித் தர இயந்திரமும் வந்துவிட்டது. சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய வழக்குகளை நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்த நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம். அவர்களை நினைத்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அந்த வியாதி இருந்தது.

என் பிஎச்டி ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை கைடிடம் கொடுத்திருந்தேன். மூன்றாம் பக்கத்து அடிக்குறிப்பில் விரலை வைத்து, "இதைப் படித்தீர்களா?" என்றார். "படித்தேன் சார்." அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தத் தொகுதியை எடுத்து, நான் குறிப்பிட்டிருந்த பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். கப்பலில் நனைந்துபோன சரக்குக்கு யார் பொறுப்பு என்று பேசிக்கொண்டிருந்தது அந்தப் பக்கம். என் ஆய்வு வாடகைதாரர் உரிமை பற்றியது.

எனக்கு முன்னால் மூன்று நூல்களில் அதே பக்க எண் இருந்தது. முதல் நூலில் அச்சுப்பிழை, அடுத்தவர் அதைக் காப்பி அடித்தார், அவரைப் பார்த்து இன்னொருவர், நான் நாலாவது. கைடு திட்டவில்லை. "போகும்போது அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

தேடினேன். என் வழக்கு நாற்பது பக்கம் தள்ளி இருந்தது. மூன்று நூல்களும் நானும் நீதிமன்றம் சொன்னதாக எழுதியிருந்த அந்த வாக்கியமும் இருந்தது, தோற்ற தரப்பு வக்கீலின் வாதமாக. இரண்டு பக்கம் கழித்து நீதிபதி அதை நிராகரிக்கிறார், ஆனால் ஏன் என்று ஒழுங்காகச் சொல்லாமல் நழுவுகிறார். அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பிறகு வந்த ஐந்து வருடமும் அந்த நழுவலின் பின்னாலேயே போயிற்று. தலைப்பை நான் தேடிப் பிடிக்கவில்லை.

உங்கள் மீது கோபம் இல்லை. ஜூனியராக நாள் முழுக்க ஓடிவிட்டு ராத்திரி உட்கார்ந்து இருநூறைத் தொகுக்க எவ்வளவு ஆசை வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வயிறு எரிகிறது. அந்த இருநூறில் ஒன்றை எடுங்கள். நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டு எழுதிய தீர்ப்பு இருந்தால் அதையும் சேர்த்து, கடைசி வரி வரை படியுங்கள். ஹெட்நோட்டில் இல்லாத எது உள்ளே இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். எல்எல்எம் விண்ணப்பத்தை அப்புறம் பார்க்கலாம்.