போன் ஊருக்குக் குடிக்காதவர்கள் போனால் என்ன பார்க்கலாம்?

கேள்வி இது: பாரிஸில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறோம், ஒருநாள் போய்வர திராட்சைத் தோட்டப் பக்கம் பழைய சின்ன ஊர் ஏதாவது சொல்லுங்கள், எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, போவது வீணா?

வீண் இல்லை, தாராளமாகப் போகலாம். பர்கண்டி என்கிற ஒயின் வட்டாரத்தில் போன் என்று ஒரு ஊர் இருக்கிறது. கையில் வைத்திருக்கிற போன் இல்லை. "நாளைக்குப் போன் போறோம் அண்ணி" என்று அத்தை சொன்னபோது அம்மா "யாருக்கு?" என்றுதான் கேட்டாள்.

நான் காரைக்கால்காரி. குடிக்காதவர்கள் மதுவுக்குப் பேர்போன ஊருக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்பது பொருத்தம்தான், ஏனென்றால் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி எங்கள் ஊருக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பிராந்திக் கடை. அதற்காக நாங்கள் எல்லோரும் குடித்துக்கொண்டா இருக்கிறோம்? அத்தை வீட்டு மாமாவின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1962இல் யாருக்கு எந்தக் குடியுரிமை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது அவர் பிரான்ஸ் என்று எழுதிவிட்டார். அந்த ஒரு கையெழுத்தால்தான் அத்தை இன்று டிஜோனில் இருக்கிறார், நானும் அம்மாவும் ஒரு செப்டம்பரில் அங்கே போய் இறங்கினோம்.

பாரிஸிலிருந்து டிஜோனுக்கு டிஜிவி என்கிற அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் போனுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். ஊரின் மொத்த ஜனத்தொகையே சுமார் 20,000. எங்கள் திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தில் ஒரு மூலைக்குக் காணாது. பழைய ஊரைச் சுற்றி இன்னும் கோட்டை மதில் நிற்கிறது. மதில் கோபுரங்கள் சிலவற்றுக்குள் இப்போது பீப்பாய் அடுக்கியிருக்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஒத்தேல் தியூ. பேரைக் கேட்டு ஹோட்டல் என்று நினைக்காதீர்கள், அது ஏழைகளுக்கான ஆஸ்பத்திரி. நூறாண்டுப் போர் ஓய்ந்துகொண்டிருந்த சமயம், ஊரெல்லாம் பஞ்சம். பர்கண்டிப் பிரபுவின் தலைமை அமைச்சர் நிக்கொலா ரொலாங் தன் மனைவி கிகோனுடன் சேர்ந்து 1443இல் இதற்கு அஸ்திவாரம் போட்டார். 1452 ஜனவரி 1இல் முதல் நோயாளி வந்தார். 1971 வரை அதே கட்டடத்தில் வைத்தியம் நடந்திருக்கிறது, ஐந்நூறு வருஷத்துக்கு மேல்! உள்முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு என்று மெருகு போட்ட ஓடு, கோலம் போட்ட மாதிரி. அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே ஏழைகள் கூடம் என்று ஒரு நீள மண்டபம், கிட்டத்தட்ட 50 மீட்டர். மேலே மரக்கூரை, கப்பலைக் கவிழ்த்து வைத்த மாதிரி. இரண்டு பக்கமும் வரிசையாகச் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். மண்டபத்தின் கோடியில் தேவாலயம், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களும் பூசை காண வேண்டுமென்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். தரை ஓடுகளில் ரொலாங் ஒரு சொல்லைப் பொறித்து வைத்திருக்கிறார், 'அவள் ஒருத்தியே' என்று பொருள் வரும், பக்கத்தில் ஒரு நட்சத்திரம். மனைவியைச் சொல்கிறாராம். மாமா இதை விளக்கிச் சொன்னதும் அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார், பாவம், மாமா அடுத்த அறைக்குப் போய்விட்டார். அந்த அடுத்த பக்கத்தில்தான் ரோகிர் வான் டெர் வேய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் இருக்கிறது. நிதானமாக நின்று பாருங்கள், நரகத்துக்குப் போகிறவர்களின் முகங்களை மட்டுமாவது.

இதைப் பார்த்துவிட்டு நம்மிடம் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால், திருமுக்கூடல் கல்வெட்டில் வீரராஜேந்திர சோழன் காலத்து ஆதுலர்சாலை, அதாவது ஆஸ்பத்திரி ஒன்று வருகிறது, 15 படுக்கை, போனுக்கு நாலு நூற்றாண்டு முந்தியது. கட்டடம்தான் இல்லை. சரி, அது வேறு கதை.

ஆஸ்பத்திரிக்குச் செலவு எப்படி நடந்தது என்பதுதான் டெல்டாக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். கோயிலுக்கு நிலம் எழுதி வைக்கிற மாதிரியே அங்கே ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குத் திராட்சைத் தோட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள், இப்போது சேர்ந்திருப்பது 60 ஹெக்டேர் அளவுக்கு. அதில் வருகிற ஒயினை 1859 முதல் ஏலம் விடுகிறார்கள், நவம்பர் மூன்றாவது ஞாயிறு, பீப்பாய் பீப்பாயாக, ஒரு பீப்பாய் 228 லிட்டர். முன்பெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, அது அணைவதற்குள் கடைசியாகக் கேட்டவருக்குப் பீப்பாய் என்று இருந்தது. எங்கள் பக்கம் கோயில் தென்னைக்கும் புளிய மரத்துக்கும் குளத்து மீனுக்கும் நடக்கிற ஏலம்தான் இது, கோட்டு சூட்டு போட்டு நடக்கிறது, அவ்வளவுதான். என்ன, அங்கே பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்கிறது. இங்கே குத்தகை பாக்கி எத்தனை வருஷமாக நிற்கிறது என்று எந்தக் கோயில் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் பெருமூச்சுதான் வரும்.

அப்புறம் வயல். தயவுசெய்து ஊருக்குள்ளேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், மேற்கே அரை மணி நேரம் நடந்தால் சரிவு முழுக்கத் திராட்சை. கொடிப் பந்தல் இருக்கும் என்று நினைத்துப் போனேன், கம்பம் பக்கம் பார்த்திருக்கிறேன் இல்லையா. இங்கே இடுப்பு உயரத்துக்குக் கம்பி கட்டி வரிசை வரிசையாகச் செடி. கருப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே, பெரும்பாலும் இந்த இரண்டே ரகம். ஆனால் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பேர். அதைக் கிளிமா என்கிறார்கள், மொத்தம் 1,247, யுனெஸ்கோ 2015இல் அதை உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பேர்களும் நம் ஊர்ப் பேர் மாதிரிதான். க்ளோ தே மூஷ் என்றால் தேன்கூடு இருந்த அடைப்பு, லே க்ரேவ் என்றால் சரளை மண். எங்கள் தாத்தா நிலத்தில் ஈசானித் தாக்கு, அய்யனார் கோயிலடி, ஆறு மா என்று இருந்தது, யுனெஸ்கோவுக்கு யாரும் எழுதிப் போடவில்லை.

விலையும் அப்படித்தான் தீர்மானமாகிறது. சரிவின் நடுவில் இருப்பதுதான் உசத்தி. மேலே போனால் மண் மெலிவு, அடியில் தண்ணீர் தேங்கும். ஒரு சாலைக்கு மேற்புறம் ஒரு விலை, கீழ்ப்புறம் வேறு விலை. கடைமடையில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? மேட்டூரில் ஜூன் 12 திறந்தார்கள் என்று பேப்பரில் போட்டுவிடுவார்கள், தீர்ப்பில் எங்களுக்கு 7 டி.எம்.சி. என்றும் இருக்கிறது, அது எங்கள் வாய்க்காலில் வந்து விழுகிற நாள்தான் எங்களுக்குக் கணக்கு. அம்மாவுக்கு வேறு அதிர்ச்சி. இந்தக் கொடிக்குத் தண்ணீரே பாய்ச்சுவதில்லை, மழைதான் என்று மாமா சொன்னார். "தண்ணி ஊருன்னு கூட்டிட்டு வந்து, வயலுக்குத் தண்ணி விடலைங்கறீங்களே" என்றாள்.

பாகப்பிரிவினையும் உண்டு. டிஜோனிலிருந்து வரும் வழியில் க்ளோ த வூழோ என்று மதில் கட்டிய தோட்டம், முன்பு துறவிகள் மடத்துக்குச் சொந்தம். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்திடமிருந்து பிடுங்கி விற்றார்கள். கை மாறி, பிள்ளைகளுக்குச் சமபங்கு பிரிந்து, இப்போது 50 ஹெக்டேருக்கு ஏறக்குறைய 80 சொந்தக்காரர்கள். நம் கணக்கில் சுமார் 19 வேலி. ஒரு மதிலுக்குள் எண்பது பேர் வரப்பு சண்டை இல்லாமல் இருக்கிறார்களா என்று அம்மா கேட்டாள், மாமாவுக்குப் பதில் தெரியவில்லை.

நாங்கள் போனபோது அறுவடை. கத்தரியால் கொத்துக் கொத்தாகக் கையால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதே வாரம் ஊரில் எங்கள் குறுவைக்கு மெஷின் கிடைக்கவில்லை என்று தம்பி போனில் (இது கையில் இருக்கும் போன்) புலம்பிக்கொண்டிருந்தான்.

சுவை பார்க்கும் கூடங்களுக்கு உள்ளே போகலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். நிலவறைகள் குளுகுளுவென்று இருக்கும், கையில் சால்வை வைத்துக்கொள்ளுங்கள். வாயில் ஊற்றிக் கொப்பளித்து ஒரு வாளியில் துப்புவார்கள், அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அதுதான் முறை.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். கிளாஸில் ஊற்றாவிட்டாலும் குழம்பில் ஊற்றிவிடுவார்கள். மாட்டுக்கறிக் குழம்பு ஒயினில் வேகிறது, முட்டையைக்கூடச் சிவப்பு ஒயின் சாறில் போட்டுத் தருகிறார்கள், அதனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, இரண்டு மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். நாங்கள் ஓவியத்தின் முன்னால் நின்றதில் இரண்டேகால் ஆகி, ஏறி இறங்கிய மூன்று கடையிலும் கையை விரித்தார்கள். அத்தை அதை எதிர்பார்த்தே புளியோதரை கட்டி எடுத்து வந்திருந்தார், மதிலோரப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சனிக்கிழமை போனால் சந்தை இருக்கும், ரொட்டி, சீஸ், பழம் என்று சமாளித்துவிடலாம். நவம்பர் ஏல வாரத்தில் மட்டும் போகாதீர்கள், தங்க இடம் கிடைக்காது.

வாங்கிவர என்றால் கடுகு. 1840 முதல் கல் திருகையில் கடுகு அரைக்கிற ஆலை ஒன்று ஊரிலேயே இருக்கிறது, சுற்றிக் காட்டுவார்கள், காரம் மூக்கில் ஏறும். அம்மா மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும் என்று பெரிய பாட்டிலாக இரண்டு வாங்கினாள். அதைப் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைக்காதீர்கள், விழுதும் திரவக் கணக்குதானாம், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். எங்களுடைய இரண்டு பாட்டிலும் விமான நிலையத்துத் தொட்டிக்குள் போய்விட்டது.