மீன் தொட்டியின் பின்கண்ணாடிக்கு வண்ணம் பூசுதல்: வாசகர் கேள்விகள்

புதிதாக வாங்கிய இரண்டடித் தொட்டியின் பின்னால் கடையில் ஒட்டிக் கொடுத்த கடல் படப் போஸ்டர் அதற்குள் திட்டுத்திட்டாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு பெயின்ட் அடிக்கலாமா? கறுப்பு நல்லதா, நீலமா? – வேளச்சேரி வாசகர்

தாராளமாக அடிக்கலாம், ஆனால் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மட்டும். போஸ்டரை எவ்வளவு இழுத்து ஒட்டினாலும் அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய காற்றடுக்கு ஒன்று இருந்துகொண்டே இருக்கும். தண்ணீர் மாற்றும்போது விளிம்பில் வழியும் துளிகள் அந்த இடுக்கில் இறங்கிக் காய்ந்து, போர் தண்ணீரின் உப்பை அங்கேயே விட்டுவிடுவதால்தான் திட்டுகள் உண்டாகின்றன. அதே காற்றடுக்கால் இன்னொரு குறையும் வருகிறது: நேராகப் பார்க்கும்போது ஒளியின் ஒரு சிறு பங்கு அங்கிருந்து திரும்பி வந்து கறுப்பைச் சாம்பல் நிறமாக வெளுக்கச் செய்யும்; பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலோ பின்கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலவே மின்னும். பெயின்ட் கண்ணாடியோடு இடைவெளியின்றிப் பிடித்துக்கொள்வதால் இந்த இரண்டும் மறைந்து, கறுப்பு கறுப்பாகவே தெரிகிறது.

நிறத்தைப் பொறுத்தவரை, செடிகள் வைத்த தொட்டிக்கும் நியான் டெட்ரா, கப்பி போன்ற சிறு மீன்களுக்கும் கறுப்பையே நான் பரிந்துரைக்கிறேன். மீனின் தோலில் உள்ள நிறமிச் செல்களில், சுற்றுப்புறம் இருண்டிருந்தால் கருநிறமி செல் முழுவதும் பரவுகிறது. சுற்றுப்புறம் வெளிறியிருந்தால் அது செல்லின் நடுவில் ஒடுங்கிவிடுகிறது. வெள்ளைப் பின்னணியில் பல மீன்கள் சோகை பிடித்தாற்போல் தெரிவது இதனால்தான். இதே காரணத்துக்காகவே டிஸ்கஸ் வளர்ப்பவர்கள், குறிப்பாகப் பிஜன் பிளட் வகை வைத்திருப்பவர்கள், கறுப்பைத் தவிர்க்க வேண்டும். மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் அந்த மீன்களின் உடலில் கூடிவிடும். அவற்றுக்கு வெளிர் நீலம் பொருத்தம். கறுப்புப் பின்னணியில் ஹீட்டர், ஃபில்டர் குழாய் எல்லாம் கண்ணில் படாமல் மறைந்துபோகும் என்பது கூடுதல் வசதி. ஆனால் நீர்மட்டத்தை ஒட்டி உள்பக்கம் படியும் வெள்ளை உப்புக் கோடு அதில் பளிச்சென்று தெரியும் என்பதால், அதை அவ்வப்போது துடைக்கத் தயாராக இருங்கள்.

எந்த பெயின்ட், எத்தனை கோட், பிரஷ்ஷா ரோலரா? முறையை விரிவாகச் சொல்லுங்கள். – கொளத்தூர் வாசகர்

சுவருக்கு அடிக்கும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எமல்ஷனே போதும். எனாமலும் கண்ணாடியில் நன்றாகப் பிடிக்கும் என்றாலும், அதன் நெடி அடங்க நாளாகும். பிறகு நீக்குவதும் கடினம். ஸ்பிரே டப்பாவை நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் எடுக்கவே வேண்டாம். பூச்சு பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். இரண்டடிக்கு ஓரடிக் கண்ணாடி என்பது இரண்டு சதுர அடிதான். நான்கு கோட் அடித்தாலும் 100 மில்லிக்குமேல் செலவாகாது என்பதால், ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் சிறிய அக்ரிலிக் கறுப்புப் பாட்டிலே சிக்கனம். பெயின்ட் கடையில் சிறு பாட்டிலாகக் கிடைக்கிறதே என்று பிளாக் ஸ்டெய்னரை மட்டும் வாங்கிப் பூசிவிடாதீர்கள். அது வேறு பெயின்டோடு கலப்பதற்கான நிறம்; தனியாகப் பூசினால் படலமாகப் பிடிக்காமல் கையோடு வந்துவிடும்.

வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதுதான். உப்புக்கறை இருந்தால் வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் அதன்மேல் ஒட்டவைத்துத் துடையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர், அதன்பின் நல்ல தண்ணீர், கடைசியாக ஸ்பிரிட் தொட்ட துணி. இதற்குப் பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், ஏனெனில் விரல் எண்ணெய் பட்ட இடத்தில்தான் பெயின்ட் முதலில் உரியும். ஓரங்களில் வழிந்து காய்ந்த சிலிக்கான் மீதும் பெயின்ட் நிற்காது. அதை பிளேடால் மேலோட்டமாக வழித்துவிடுங்கள், ஆனால் இணைப்புக்குள் பிளேடு இறங்கவே கூடாது. நான்கு விளிம்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிரஷ் அடித்த தடம் முன்பக்கத்திலிருந்து கோடுகோடாகத் தெரியும். எனவே நான்கு அங்குல ஸ்பாஞ்ச் ரோலரில் பெயின்டை மிகக் குறைவாகத் தொட்டு, அழுத்தாமல் உருட்டுங்கள். முதல் கோட்டைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்: நுரைத்துளைகளும், புகை படிந்ததுபோன்ற வெளிறிய பட்டைகளும், ஆங்காங்கே வெறும் கண்ணாடியுமாகக் காரியமே கெட்டுவிட்டதுபோல்தான் இருக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று ஈரமாக இருக்கும்போதே மறுபடி உருட்டினால், பிடித்திருந்ததும் சுருண்டு எழுந்து வந்துவிடும். மூன்று, நான்கு மணி நேரம் காயவிட்டு, இரண்டாவது கோட்டை முதலாவதற்குக் குறுக்காக உருட்டுங்கள். மூன்றாவதில் பெரும்பாலும் மூடிவிடும். பின்னர் அறையை இருட்டாக்கிவிட்டு, தொட்டிக்குள் விளக்கை எரியவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். விட்டுப்போன ஊசித்துளைகள் அப்போது நட்சத்திரம்போல் தெரியும், அவற்றுக்காகவே நான்காவது கோட். கடைசிக் கோட் முழுதாக உலர்வதற்குள் டேப்பை மெதுவாக உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதோடு படலமும் கிழிந்து வரும். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வைத்து அடித்தால் ரோலரிலேயே பெயின்ட் காய்ந்துவிடும் என்பதால், நிழலில், காலை வேளையில் செய்யுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் பூச்சு உறுதிப்படப் பல நாட்கள் ஆகும். அதுவரை தொட்டியின் பின்பக்கம் சுவரில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் மீன்கள் இருக்கின்றன. காலி செய்யாமலேயே அடிக்க முடியுமா? – தாம்பரம் வாசகி

சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே ரோலர் பிடித்த கை நுழையும் அளவு இடம் இருந்தால் எமல்ஷன் அடிக்கலாம். இடம் இல்லையென்று தொட்டியைத் தண்ணீரோடு நகர்த்த முயலாதீர்கள். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீர் இருக்கும். அந்த 55 கிலோ அசையும்போது ஏற்படும் இழுவிசை முழுவதும் சிலிக்கான் இணைப்புகளின் மேல்தான் விழும்.

ஏர் பம்ப் அறையின் காற்றை, பெயின்ட் நெடியோடு சேர்த்து இழுத்து நேரே தண்ணீருக்குள் செலுத்துகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆகவே பம்பை வேறு அறையில் வைத்து, நீண்ட குழாய் மூலம் காற்றைக் கொண்டுவாருங்கள். மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் ஃபைட்டர், கௌராமி போன்ற மீன்கள் இருந்தால் தொட்டியின் மேற்பகுதியை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்துவையுங்கள். மீன் இருக்கும் அறையில் எனாமலும் தின்னரும் ஸ்பிரேயும் கூடவே கூடாது. கண்ணாடி வியர்த்திருக்கும் நாளாக இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

உள்பக்கம் பூசினால் இன்னும் அழகாக இருக்குமே? – அடையாறு வாசகர்

வேண்டவே வேண்டாம். பெயின்ட் படலத்துக்கு அடியில் தண்ணீர் புகுந்து அதை உரித்துவிடும். அதைவிட முக்கியம், சுவர் பெயின்டுகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கப்படும் மருந்துகள் மீனுக்கு நஞ்சு.

என் ஃபிளவர்ஹார்ன் தன் பிம்பத்தோடு சண்டையிட்டுக் கண்ணாடியை மோதிக்கொண்டே இருக்கிறது. பின்பக்கம் கறுப்பு அடித்தால் அடங்குமா? – அம்பத்தூர் வாசகர்

பாதி அடங்கும். தொட்டிக்குள் இருந்து சாய்வாகப் பார்க்கும் மீனுக்கு, வெளியே காற்று இருக்கும் ஒவ்வொரு கண்ணாடியும் அதன் உருவத்தைக் காட்டும். பெயின்ட் அடித்த கண்ணாடி மட்டும் அப்படிக் காட்டாது. எனவே பின்பக்கத்தோடு இரு பக்கங்களுக்கும் அடித்து, முன்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டால் மோதல் நன்றாகக் குறையும். அறை இருட்டாக இருந்து தொட்டி விளக்கு மட்டும் எரியும் நேரத்தில்தான் பிம்பம் மிகத் தெளிவாகத் தெரியும் என்பதால், தொட்டி விளக்கு எரியும்வரை அறை விளக்கும் எரியட்டும்.

வாடகை வீடு மாறுகிறோம். பழைய தொட்டியில் இருக்கும் நீலப் பூச்சை எப்படி நீக்குவது? – மயிலாப்பூர் வாசகி

எமல்ஷனாக இருந்தால், சோப்புக் கலந்த வெந்நீரில் நனைத்த துணியைப் பூச்சின்மேல் விரித்து ஊறவிட்டு, புது பிளேடைக் கண்ணாடியோடு படிந்தாற்போல் சாய்த்துப் பிடித்துத் தள்ளுங்கள். பட்டைபட்டையாக உரிந்து வரும். பிளேடும் கண்ணாடியும் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், உலர்ந்த கண்ணாடியில் தள்ளினால் கீறல் விழும். எனாமலையும் இப்படியே எடுக்கலாம், ஆனால் கூடுதல் நேரம் ஆகும். பொறுமையிழந்து தின்னரை ஊற்றாதீர்கள், அது சிலிக்கான் இணைப்பில் பட்டால் பிடிப்பைக் கெடுக்கும். தங்கள் தொட்டி கண்ணாடியாக இல்லாமல் அக்ரிலிக் தொட்டியாக இருந்தால் பிளேடும் தின்னரும் இரண்டுமே அதைப் பாழாக்கிவிடும். நீலத்தை அப்படியே விட்டு அதன்மேல் கறுப்பு பூசலாம் என்று நினைத்தால், அதிலும் பயனில்லை. முன்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு முதலில் பூசிய நிறமே தெரியும்.